உடுத்திய துணிக்கும் ஓர் இடம் வேண்டும்

போன மாதம் பட்டுப்புடவையைப் பீரோவில் பாதுகாப்பது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பட்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஒருமுறை உடுத்திவிட்டோம், இன்னும் துவைக்கிற அளவுக்கு அழுக்கில்லை, அந்தத் துணியை எங்கே வைப்பது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மனதுக்கு நெருக்கமான கேள்வி இது. தாராவி 90 அடி சாலையில் அப்பா இருபத்தெட்டு வருஷம் லாண்டரி நடத்தினார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தம்பியும் காலரைப் பார்த்துத் துணி பிரிப்போம். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிடுகிறேன்.

*

"அக்கா, எங்களுடையது ஒரு பெட்ரூம் வீடு. ஐந்து பேர் இருக்கிறோம். அவருடைய பேன்ட், மாமாவின் வேட்டி, என் குர்தி, பையன் டியூஷனுக்குப் போட்டுப்போன சட்டை எல்லாம் பெட்ரூம் நாற்காலிமேல் குவிந்துகிடக்கின்றன. ஒருதரம் போட்டதைப் பீரோவுக்குள் வைக்கக்கூடாது என்கிறார் அத்தை. தினமும் துவைத்தால் துணி நைந்துபோகும் என்கிறார் அவர். தண்ணீரோ காலையில் ஒன்றரை மணி நேரம்தான் வருகிறது. ஐந்து பேர் துணியையும் நான் ஒருத்தியேதான் எடுத்து முகர்ந்து பிரிக்கிறேன். நான் யார் சொல்வதைக் கேட்பது?"
— வாசகி, டோம்பிவிலி கிழக்கு

தங்கச்சி, அத்தை பீரோவைக் காப்பாற்றப் பார்க்கிறார். உங்கள் வீட்டுக்காரர் துணியைக் காப்பாற்றப் பார்க்கிறார். இரண்டும் காப்பாற்ற வேண்டியவைதான். உங்கள் வீட்டில் துணிக்கு இரண்டே இடங்கள்: ஒன்று பீரோ, இன்னொன்று அழுக்குக் கூடை. நடுவில் இருப்பதற்கு இடம் ஒதுக்காததால் அது நாற்காலிக்குப் போகிறது.

பழைய வீடுகளில் அந்த நடு இடம் இருந்தது. மாட்டுங்காவில் வாடிக்கைக்காரர் வீடுகளுக்கு அப்பாவோடு மூட்டை கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். உத்தரத்தை ஒட்டி ஒரு மூங்கில், அதில் கோலால் எட்டிப் போட்ட மடித்துணி, அதாவது துவைத்து யாரும் தொடாமல் உலர்த்தியது. கீழே கதவோரமாக இன்னொரு கொடி, அது விழுப்புத் துணிக்கு, அதாவது உடுத்திக் கழற்றியதற்கு. யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற கணக்கில் வந்த பிரிவினை அது, அந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடு கிடையாது. எங்களை வாசலிலேயே நிறுத்திய வீடுகளும் அவற்றில் உண்டு. ஆனால் துவைத்ததற்கு ஒரு கொடி, உடுத்தியதற்கு ஒரு கொடி என்ற ஏற்பாடு நல்ல ஏற்பாடு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வீட்டில் அதே வேலையைத் திண்ணைச் சுவரில் அடித்த ஆணிகள் செய்தன. ஆச்சி கோவிலுக்குக் கட்டிப்போன சேலை திரும்பி வந்ததும் முற்றத்துக் கொடிக்குத்தான் போகும். காற்றாடிய பிறகே மடிப்பார்.

அப்பா கடையிலும் இது இருந்தது. ஒருநாள் போட்ட சட்டையை 'துவைக்க வேண்டாம், பிரஸ் மட்டும் போதும்' என்று கொடுத்துவிடுவார்கள். அப்பா அதை நேராக மேஜைக்குக் கொண்டுபோகமாட்டார். உள்ளே ஒரு கொடி கட்டியிருந்தது, அதில் ஒரு மணி நேரம் கிடக்க வேண்டும். பிறகு காலரையும் கக்கத்தையும் பார்ப்பார். கோடு தெரிந்தால் 'இது துவைப்புக்கு' என்று ஒதுக்கிவிடுவார். வாடிக்கைக்காரர் கோபித்துக்கொண்டாலும் அதன்மேல் கரிப்பெட்டியை வைக்கமாட்டார். வேர்வையும் உடம்பு எண்ணெயும் இருக்கிற இடத்தில் சூடு பட்டால் கறை நூலோடு இறுகிவிடும், பிறகு எந்த சோப்புக்கும் முழுதாக விடாது. பழைய வெள்ளைச் சட்டைகளின் கக்கத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் பார்த்திருப்பீர்கள். துவைக்காமல் இஸ்திரி போட்டாலும் அது வரும்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். வெளியே போய் வந்து கழற்றியதும் துணியை உதறி, பாக்கெட்டைக் காலி செய்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டச் சொல்லுங்கள். உடம்பை ஒட்டியிருந்த பக்கத்தில்தான் ஈரம் இருக்கும். ஃபேன் காற்று படுகிற இடத்தில் ஒரு மணி நேரம் தொங்கட்டும். அப்போதே முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாள் முழுக்க அந்த வாடைக்குள்ளேயே இருந்த மூக்குக்கு அது தெரியாது. காலையில் எழுந்து, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் முகர்ந்து பாருங்கள், ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும்.

அப்புறம் இடம். பெட்ரூம் கதவுக்குப் பின்னால் கொக்கிகள், ஆளுக்கு இரண்டு. ஒரு கொக்கியில் ஒரு துணிதான். ஒன்றின்மேல் ஒன்று மாட்டினால் அது நாற்காலிக் குவியல்தான், சுவரில் தொங்குகிறது, அவ்வளவே. மூன்றாவது துணி வந்தால் முதலில் மாட்டியது துவைப்புக்குப் போக வேண்டும். சமையலறை வாசலுக்கு எதிரில் மாட்டாதீர்கள், தாளிப்பு வாடையைத் துணி பிடித்துவைத்துக்கொள்ளும். குளியலறைக் கதவும் வேண்டாம்.

எத்தனை தடவை போட்டோம் என்பது மறந்துபோகிறது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் துணி காயப்போடும் கிளிப்தான் கணக்கு. ஒருதரம் போட்டால் ஹேங்கரில் ஒரு கிளிப், இரண்டாவது தரம் இன்னொன்று. ஜீன்ஸுக்கும் பேன்ட்டுக்கும் நான்கு வரை போகலாம். அரை மணி நேரம் காய்கறி வாங்க பாஜிக் கடைக்குப் போட்டுப்போன குர்திக்கு இரண்டு. லோக்கல் ரயிலில் நெருக்கிக்கொண்டு சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் வரை போய்வந்த பருத்திச் சட்டைக்குக் கிளிப்பே கிடையாது, நேராகக் கூடைக்குத்தான். டிசம்பர், ஜனவரியில் வேண்டுமானால் இரண்டாவது நாள் போடலாம். அக்டோபர் வெயிலில் முடியாது. பனியன், ஜட்டி, சாக்ஸ், ரவிக்கை, விளையாடிய உடுப்பு எதுவும் இந்தக் கொக்கிப் பக்கமே வரக்கூடாது. அவை ஒருதரம்தான்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்தது ஐந்து பேர் துணியையும் நீங்கள் ஒருத்தியே எடுத்து முகர்ந்து பிரிக்கிறீர்கள் என்ற வரி. அவர் பேன்ட்டை அவர் பார்க்கட்டும். பையனுக்கு எட்டும் உயரத்தில் இரண்டு கொக்கி அடித்துக் கொடுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் சட்டையைத் தானே பார்க்கத் தெரியும். மாமாவுக்கு முடியாதென்றால் அதை உங்கள் வீட்டுக்காரர் பார்க்கலாம். கூடைக்குள் வந்து விழுந்ததை மெஷினில் போடுவது மட்டும் உங்கள் வேலையாக இருந்தால் போதும். அதையும் பங்கு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

*

"மகளே, சாயங்காலம் சேடா நகர் முருகன் கோவிலுக்குப் போய்வர வேட்டி கட்டுகிறேன். ஒரு மணி நேரம்கூட உடம்பில் இருப்பதில்லை. ஆனாலும் ஜூலை, ஆகஸ்டில் கொக்கியில் மாட்டினால் மறுநாள் மக்கல் வாடை. இரண்டு வேட்டியில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. நீ சொல்லும் காற்றாட்டல் மழைக்காலத்துக்குப் பொருந்துமா?"
— 74 வயது வாசகர், செம்பூர்

நல்ல கேள்வி ஐயா. மழைக்காலத்தில் காற்றாடவிட்டால் மட்டும் போதாது, ஏனென்றால் அந்தக் காற்றே ஈரம். நூல் தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சாதாரண நிலையிலேயே பருத்தியின் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரம்தான், பட்டில் 11 சதவீதம். பாலியஸ்டரில் அரை சதவீதம்கூட இல்லை. அதனால்தான் உங்கள் வேட்டிக்கு வரும் மக்கல் வாடை பேரனின் பாலியஸ்டர் டி-ஷர்ட்டுக்கு வருவதில்லை. பம்பாய் ஜூலையில் காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. 70-க்கு மேல் போய் அங்கேயே நின்றாலே பூசணத்துக்குப் போதும். வேட்டியில் கஞ்சி இருந்தால் அதற்குச் சாப்பாடும் கிடைத்துவிடுகிறது.

2005 ஜூலை 26 உங்களுக்கும் நினைவிருக்கும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. எங்கள் கடையில் இடுப்பளவு தண்ணீர். டெலிவரிக்குக் கட்டிவைத்த மூட்டைகள் நனைந்துபோயின. மின்சாரம் இல்லை, பிரித்துப் போட இடமில்லை. இரண்டு நாள் கழித்து அவிழ்த்தபோது வெள்ளைத் துணி எல்லாவற்றிலும் மிளகு தூவியது போல் புள்ளி. அப்பா எலுமிச்சை, வெயில், சலவைப் பொடி என்று எல்லாம் பார்த்தார். பாதிப் புள்ளி போகவே இல்லை. வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, தவணையில் பணம் கொடுத்தார். உங்கள் வேட்டியில் விழுந்திருப்பதும் அதே புள்ளிதான். வண்ணத் துணியில் மறையும், வெள்ளையில் மறையாது.

அதனால் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை எங்கள் வீட்டில் சட்டம் வேறு. பருத்தியைக் கொக்கியில் ஒரு ராத்திரிக்கு மேல் விடுவதில்லை. மறுநாளும் கட்டினால் கட்டுவது, இல்லையென்றால் துவைத்துவிடுவது. உங்கள் வேட்டிக்கு: கோவிலிலிருந்து வந்ததும், கயிறு இழுத்து மேலே ஏற்றும் கம்பி இருந்தால் அதில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள், மடித்துப் போட வேண்டாம். ஃபேன் ஒரு மணி நேரம் ஓடட்டும். வேர்க்கவில்லை, காலர் போல் அழுக்குப் பிடிக்கும் இடமும் வேட்டிக்கு இல்லை, அதனால் இதற்கு மட்டும் வெதுவெதுப்பான இஸ்திரி ஒருமுறை ஓட்டலாம். ஈரம் போய்விடும். ஆறிய பிறகு மாட்டுங்கள். சூட்டோடு மடித்தால் உள்ளே வியர்த்துவிடும். அந்த மூன்றரை மாதமும் கஞ்சி வேண்டாம் ஐயா. மொடமொடப்பு தீபாவளிக்குத் திரும்பி வரட்டும்.

*

"அக்கா, ஐரோலியில் ஐ.டி. வேலை. நான்கு பேர் ஓர் அறை, எனக்கு ஓர் ஆணி. ஆபீஸ் டி-ஷர்ட்டை மூன்று நாள் போடுகிறேன். ஏசியில்தான் இருக்கிறேன், வேர்ப்பதே இல்லை. ஆனாலும் அறைத் தோழர்கள் நாறுகிறது என்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. இரவில் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன், காலையில் தேட வேண்டாமே என்று."
— வாசகர், நவி மும்பை

தம்பி, அவர்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். உன் டி-ஷர்ட்டின் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் பார். பாலியஸ்டர் என்று இருக்கும். புது வேர்வைக்கு நாற்றம் கிடையாது. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள்தான் நாற்றத்தை உண்டாக்குகின்றன. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். 26 பேரை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்களுடைய டி-ஷர்ட்டுகளை ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்து முகர்ந்து பார்த்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர்தான் கடுமையாக நாறியது. நாற்றம் உண்டாக்கும் ஒருவகைக் கிருமி பாலியஸ்டரில் செழிப்பாக வளர்ந்திருந்தது. துணி சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று நம்பி நாம் ஏமாந்துபோகிறோம். எண்ணெயை அந்த நூல் விடுவதில்லை. பாலியஸ்டர் டி-ஷர்ட் ஒரு நாள்தான். பருத்தி வாங்கினால், ஏசியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு நாள் போடலாம்.

தலைமாட்டில் வைப்பதை இன்றைக்கே நிறுத்து. நான்கு பேர் படுக்கும் அறை, ஆள் மாறிக்கொண்டே இருக்கும், ஊரிலிருந்து பெட்டிகள் வரும். மூட்டைப்பூச்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2017-இல் பார்த்திருக்கிறார்கள்: தூங்கும் ஆள் இல்லாத அறையில்கூட, துவைத்த துணியைவிட உடுத்திய துணியிடம் மூட்டைப்பூச்சிகள் இருமடங்கு போய்ச் சேர்ந்தன. மனிதர் வாடையைத் தேடித்தான் அவை வருகின்றன. உடுத்திய துணி தரையிலும் கட்டிலிலும் இருக்கக்கூடாது, பெட்டிக்குள்ளும் போகக்கூடாது. அதை அப்படியே பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோனால் அம்மா வீட்டுக்கும் பூச்சி போய்ச் சேரும்.

உனக்கு ஓர் ஆணிதான் என்கிறாய். ஓர் 'எஸ்' கொக்கிச் சரம் வாங்கி அந்த ஆணியில் தொங்கவிடு. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று துணி இடைவெளியோடு நிற்கும். மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடு. ஒருவேளை இடுப்பிலோ தொடையிலோ வட்டவட்டமாக அரிப்பு இருந்தால், அதாவது படர்தாமரை, இந்தக் கொக்கிக் கணக்கு எதுவும் உனக்கில்லை. தினமும் வெந்நீரில் தோய்த்து வெயிலில் போட்ட துணிதான். துண்டையும் யாரோடும் பகிராதே, தோல் மருத்துவரைப் பார்.

*

"ஜீன்ஸைத் துவைக்காமல் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் கிருமி செத்துவிடும் என்று தோழி சொல்கிறாள். உண்மையா?"
— கல்லூரி மாணவி, முலுண்ட்

சாகாது கண்ணு. பெரும்பாலான கிருமிகள் குளிரில் ஓய்ந்துகிடக்கும், உடம்புச் சூடு பட்டதும் மறுபடி எழுந்துவிடும். அழுக்கும் எண்ணெயும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃப்ரீசரில் மீனும் பட்டாணியும் இருக்கட்டும். ஜீன்ஸைத் திருப்பி ஜன்னல் கிரில்லில் போடு, கறை இருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடை.

*

"மாட்டுங்காவில் கல்யாணம். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டுவரை காஞ்சிபுரம் கட்டியிருந்தேன். ட்ரை க்ளீனிங் கொடுக்க மனசில்லை. எத்தனை நாள் காற்றாட விடலாம்?"
— வாசகி, மாட்டுங்கா

மனசில்லாதது சரிதான். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கொடுத்தால் பட்டின் பளபளப்பு குறைந்துகொண்டே போகும். ஒரு ராத்திரி போதும். அதற்கு மேல் வெளியே விட்டால் தூசிதான் சேரும். நிழலில், பருத்தித் துண்டு சுற்றிய கம்பியில், ஜரிகை உள்பக்கமாக வரும்படி போடுங்கள். இரும்பு ஹேங்கர் வேண்டாம், துரு இறங்கும். சென்ட் பட்ட இடத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். அதில் ஜரிகை கறுத்திருந்தால் அடுத்தமுறை புடவை கட்டுவதற்கு முன்பே சென்ட் போட்டுக் காயவிட்டுவிடுங்கள்.

காலையில் முந்தானையையும் இடுப்புப் பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பந்தியில் சாம்பார்த் துளி, பாயசத் துளி விழுந்திருந்தால் அதை அப்படியே மடித்து வைக்காதீர்கள். அந்துப்பூச்சியின் புழு பட்டைத் தின்னும், அதிலும் வேர்வையும் சாப்பாடும் பட்ட இடத்தைத்தான் முதலில் தேடிப் போகும். வருஷம் கழித்து எடுக்கும்போது அந்தத் துளி இருந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கும். கறை உள்ள புடவைக்கு மட்டும் ட்ரை க்ளீனிங். கறை இல்லாததைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, முன்பு மடித்த கோட்டிலேயே மடிக்காமல் மாற்றி மடித்து வையுங்கள். ரவிக்கையை அதோடு சேர்த்து வைக்க வேண்டாம், அதில்தான் வேர்வை முழுவதும் இருக்கிறது.

*

"அம்மா, நான் செவிலியர். போன மாதம் பீரோவில் அந்துருண்டை போடச் சொல்லியிருந்தீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது ஆபத்து. இதை அடுத்த இதழில் எழுதுங்கள். இன்னொன்று: மருத்துவமனை உடுப்போடுதான் வீட்டுக்கு வருகிறேன். மறுநாள் காலை ஷிஃப்டுக்கும் அதையே போடலாமா? அதை எங்கே மாட்டுவது?"
— வாசகி, சயான்

நீங்கள் சொன்னது சரி. நான் அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும், விட்டது என் தவறு. அந்துருண்டை பொதுவாக நாப்தலின்தான். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, நாப்தலின் வாடை ஏறிய துணியைச் சுற்றினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். அந்தக் குறைபாடு இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. குழந்தை உள்ள வீட்டில், போட்டிருக்கிற அந்துருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்தப் பீரோவில் இருந்த துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் காட்டாமல் குழந்தைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். பழைய புடவையில் தூளி கட்டுபவர்கள் இதை இரண்டுமுறை படியுங்கள். பதிலுக்கு வசம்பையோ உலர்ந்த வேப்பிலையையோ துணிமூட்டையாகக் கட்டி வைக்கலாம். ஆனால் அது உருண்டையளவுக்கு வேலை செய்யாது. மாதம் ஒருமுறை பீரோவைத் திறந்து, துணியை வெளியே எடுத்து உதறித்தான் ஆக வேண்டும். கஞ்சி போட்டதை அரிக்கும் ராமபாணப் பூச்சியும் அப்படி உதறும்போதுதான் கண்ணில் படும்.

உங்கள் உடுப்பைப் பற்றி. மறுநாளைக்கு வேண்டாம் அம்மா. வார்டுக்குள் போட்டதை வீட்டில் எந்தக் கொக்கியிலும் மாட்டாதீர்கள். மூடி போட்ட தனி வாளி ஒன்றை வாசல் பக்கம் வையுங்கள். வந்ததும் உதறாமல் அதில் போட்டு, மற்றவர்கள் துணியோடு சேர்க்காமல் வெந்நீரில் துவையுங்கள். முடிந்தால் மருத்துவமனையிலேயே மாற்றிக்கொண்டு, ஒரு துணிப்பையில் கட்டி எடுத்து வாருங்கள். அந்தப் பையும் உடுப்போடு சேர்ந்தே துவைப்புக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் காயாது, மூன்று செட்டாவது வேண்டும். வேலை செய்யும் இடத்தில் இரண்டுதான் கொடுத்திருந்தால் மூன்றாவதைக் கேட்டு வாங்குங்கள்.